பதினைந்தாம் ஆண்டில் முதல் சோதனையா?

ஓரிக்கைப் பெரியோர்களே, தாய்மார்களே, தறிக்குழியிலிருந்து எழுந்து நேரே இங்கு வந்திருக்கும் நெசவாள நண்பர்களே, ஒர்க்‌ஷாப் கதவைச் சாத்திவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மெக்கானிக் தம்பிகளே, இந்த ஊருக்குப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொல்ல, திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட, ஆழ்வார் சொன்னார் என்பதற்காகத் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் இது. ஓரிரவு இருக்கை, ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். அந்தப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர் என்றே திருநாமம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பழைய ஜெர்மன் கார். கோயில் கதைக்கும் காருக்கும் என்ன உறவு என்று நினைப்பீர்கள். சொன்னதைச் சொன்னவண்ணம், சொன்ன காலத்தில் செய்வது என்ற ஒன்றைப் பற்றித்தான் அடுத்த ஒரு மணி நேரமும் பேசப்போகிறேன்.

நம் மாவட்டத்துச் சாலைகளைப் பாருங்கள். 1995-இல் புனேயில் பூட்டத் தொடங்கிய பென்ஸ் இ-வகைக் கார்களில் சில இன்னும் ஓடுகின்றன. 2007-இல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தது, அங்கிருந்து வெளிவந்த முதல் கார்களுக்கு இன்று பதினைந்து வயது தாண்டிவிட்டது. 2010-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ 2022-இல் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் தெருவுக்கு ஒரு போலோ நிற்கிறது. செக் நாட்டுப் பெயராக இருந்தாலும் உள்ளே ஃபோக்ஸ்வேகன் இஞ்சினோடு வந்த ஸ்கோடா ஆக்டேவியா, லாரா கார்களும் இந்தக் கணக்கில் சேரும். இவையெல்லாம் ஒருகாலத்தில் பெரிய வீட்டுக் கார்கள். இன்று செகண்ட் ஹேண்டில் நடுத்தரக் குடும்பம் கைநீட்டி எடுக்கும் விலைக்கு வந்துவிட்டன. வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஆயில் ஊற்றுவது? ஸ்பேர் எங்கே கிடைக்கும்? இந்த விளக்கு ஏன் அணையவில்லை? நம் ஊர் மெக்கானிக்கிடம் விடலாமா? புதிய பெட்ரோல் கெடுக்குமா? ஆர்.சி. புதுப்பிப்பார்களா? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: இந்தக் காரை வைத்துக் கட்டிக் காக்க முடியுமா, முடியாதா?

முடியாது என்பவர்களின் முதல் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் வண்டி நமக்கு ஒத்துவராது, நம் கைக்கு அடங்காது என்கிறார்கள். உண்மையா? 1954-இல் டெல்கோ நிறுவனம் டைம்லர் பென்ஸோடு கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969 வரை அந்த உறவு நீடித்தது. அந்த லாரிகளின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் அவற்றைப் பென்ஸ் லாரி என்றே அழைத்தார்கள். அவற்றைப் பழுது பார்த்தவர்கள் யார்? நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் ஸ்பானர் பிடித்தவர்கள்தான். சரக்கு வண்டிக்கு நாம் டெம்போ என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? டெம்போ என்பது ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். அதன் கூட்டோடு 1958-இல் பஜாஜ் டெம்போ உருவாகி, பெயர் நம் பேச்சில் பொதுச்சொல்லாகக் கரைந்துவிட்டது. அதே பஜாஜ் டெம்போ 1980-களில் பென்ஸ் உரிமம் பெற்று ஓ.எம். 616 என்ற டீசல் இஞ்சினை இங்கே செய்தது. முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு உறவுக்கூட்டத்தை ஏற்றிவந்த டெம்போ டிராவலர்களுக்குள் உறுமியது அந்த இஞ்சின்தான்.

அதே 616 இஞ்சின் குடும்பத்தோடு 1976-இல் செய்யப்பட்ட ஒரு பென்ஸ் 240 டி காரை கிரேக்க நாட்டில் ஒருவர் டாக்ஸியாக ஓட்டினார். 2004-இல் அதை அவர் பென்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது ஓடியிருந்த தூரம் 46 லட்சம் கிலோமீட்டர். நாற்பத்தாறு லட்சம்! இதைச் சொல்லி ஜெர்மன் வண்டி சாகாது என்று மார்தட்டுவார்கள் பலர். அவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கார் ஒரே இஞ்சினில் அவ்வளவு தூரம் ஓடவில்லை. இஞ்சின்களைக் கழற்றி, புதுப்பித்து, மாற்றி மாற்றிப் பூட்டித்தான் அந்த மனிதர் ஓட்டினார். இரும்பின் உறுதி பாதி, ஓட்டியவரின் ஒழுங்கு பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் கப்பலில் இறக்குமதி செய்ய மறந்துவிட்டோம்.

அந்த ஒழுங்கு ஜெர்மனியில் எப்படி அமைந்திருக்கிறது? அதை அவர்கள் தனிமனிதனின் நல்ல குணத்துக்கு விட்டுவைக்கவில்லை, சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே புதிய கார் வாங்கினால் மூன்றாம் ஆண்டில் முதல் கட்டாயச் சோதனை. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து. விரல்விட்டு எண்ணுங்கள், பதினைந்து வயது நிரம்பும்போது ஏழு முறை அந்தக் காரைத் தூக்கி நிறுத்தி, அடிவயிற்றில் விளக்கடித்து, ஸ்டியரிங் மூட்டை ஆட்டி, பிரேக்கை உருளையில் ஓட்டி, துருவைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். குறை கண்டால் ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நம்பர் பலகையில் ஒட்டும் வில்லை கிடையாது; வில்லை இல்லாத வண்டி தெருவில் ஓட முடியாது. நம் நாட்டில்? சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதுவரை வண்டியைத் தூக்கி அடியைப் பார் என்று ஒருவரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. புகைச் சான்று உண்டு. அது புகையை மட்டும்தான் பார்க்கும். ஆக, பிறந்த நாட்டில் ஏழு முறை சோதிக்கப்படும் அதே கார், இங்கே பதினைந்தாம் ஆண்டில்தான் முதல்முறையாகச் சோதனைக்குப் போகிறது.

என் வாதம் முழுவதும் இந்த ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது. காரை வடிவமைக்கும் பொறியாளர், ஏழு முறை பார்ப்பார்கள் என்று தெரிந்தே வடிவமைக்கிறார். ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 1980-களின் பென்ஸ் கார்களில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனிக் கரங்கள் பிடித்திருக்கும். அந்தக் கரங்களின் மூட்டுகளில் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இந்த ரப்பர்கள்தான் அடியை வாங்கி, காரைப் பல்லக்குபோல் கொண்டுபோகின்றன. ரப்பர் தேயும். தேய வேண்டும் என்றே வைத்த பொருள் அது. ஒரு புஷ் தேய்ந்ததும் மாற்றினால் செலவு ஒரு புஷ்ஷோடு போயிற்று. மாற்றாவிட்டால் அந்தக் கரத்தின் ஆட்டத்தைப் பக்கத்துக் கரங்கள் சுமக்கும். அவற்றின் ரப்பரும் கிழியும். டயர் ஒருபக்கமாகத் தேயும். கடைசியில் ஒருநாள் டொக் டொக் என்று சத்தம் வரும்போது பின்பக்கம் முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். அன்று வரும் பில்லைப் பார்த்துத்தான் ஜெர்மன் கார் யானை என்கிறோம். காரைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறதா? ஓடுகிறவரை ஓடட்டும் என்ற பழக்கத்துக்காகச் செய்த வண்டியே இல்லை அது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். புதிதில் 40 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 4 லட்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்குபவர் என்ன நினைக்கிறார்? 4 லட்சக் கார் வாங்கினேன், 4 லட்சக் காருக்கு ஆகும் செலவுதான் ஆகும் என்று நினைக்கிறார். ஆனால் அதன் வாட்டர் பம்ப்புக்குத் தன் வண்டியின் விலை இறங்கியது தெரியாது. ஹெட்லைட்டுக்குத் தெரியாது. கியர்பாக்ஸுக்குத் தெரியவே தெரியாது. காரின் விலைதான் வயதோடு இறங்குகிறது. அதன் உறுப்புகளின் விலை இறங்குவதில்லை. ஆகவே பழைய ஜெர்மன் கார் வாங்கப் போகிறவருக்கு நான் உறுதியாகச் சொல்வது: கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். முன்னிருந்தவர் தள்ளிப்போட்ட சோதனைகள் எல்லாம் அந்த முதல் ஆண்டில்தான் உங்கள் வாசலில் வந்து நிற்கும். அந்தப் பங்கை ஒதுக்க முடியாதவர் சிறிய, எளிய கார் ஒன்றை வாங்குவதே அறிவு. அதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து, தண்ணீர். காஞ்சிபுரத்துக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பட்டுக்குச் சாயம் போடுகிறவர் கிடைத்த தண்ணீரைக் கொப்பரையில் ஊற்றுவாரா? உப்புத் தண்ணீராக இருந்தால் நிறம் மங்கும், பட்டின் பளபளப்பு போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதே வீட்டு வாசலில் நிற்கும் காரின் ரேடியேட்டரில் குறைந்த தண்ணீரைப் போர்வெல் குழாயிலிருந்து பிடித்து ஊற்றுகிறோம்! ஜெர்மன் காரின் குளிர்விப்பு அமைப்பு மூடிய அமைப்பு. அதில் ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை. துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும் மருந்துகள் கலந்த கூலண்ட். போர்வெல் தண்ணீரின் உப்பு அந்தக் குறுகிய குழாய்களில் படியும். அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலண்டிலும் வகை உண்டு. பழைய ஃபோக்ஸ்வேகன்களில் ஜி 11 பச்சையோ நீலமோ இருக்கும். ஜி 12 சிவப்பாக இருக்கும். சிவப்பில் பச்சையை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து செம்மண் சேறுபோல் பழுப்பாகும். அது கூலண்ட் என்ற பெயரில் ஓடும் சகதி. ஹீட்டர் குழாயையும் ரேடியேட்டரையும் அடைத்துவிடும். பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டியில் திரவம் பழுப்பாக இருந்தால், வண்டி வாங்க வந்தவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

அந்தப் பிளாஸ்டிக் புட்டியும் ஒரு பாடம்தான். பி.எம்.டபிள்யூ. கார்களில் கூலண்ட் புட்டி, குழாய் இணைப்பு, தெர்மோஸ்டாட் கூடு எல்லாம் பிளாஸ்டிக். தினமும் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, ஆண்டுகள் போகப் போக அது பிஸ்கட்போல் நொறுங்கும் நிலைக்கு வரும். நொறுங்கினால் சில நிமிடங்களில் கூலண்ட் வெளியேறும். முள் சிவப்புக்குப் போயும் இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே வீடு என்று ஓட்டினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், இஞ்சின் கைவிட்டுப்போகும். புட்டியின் விலை ஆயிரங்களில் இருக்கும். இஞ்சினின் விலை லட்சங்களில் இருக்கும். நொறுங்கட்டும், பார்ப்போம் என்று காத்திருப்பது யாருக்கு லாபம்? ஒன்றை மட்டும் தாய்மார்களே, பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: சூடான இஞ்சினில் அந்தப் புட்டி மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

தண்ணீருக்குச் சொன்னது ஆயிலுக்கும் பொருந்தும். நல்ல கம்பெனி ஆயில், விலை உயர்ந்த ஆயில் என்று கேட்டு வாங்குகிறோம். ஜெர்மன் கார் கம்பெனியின் பெயரையும் விலையையும் கேட்பதில்லை. ஓர் எண்ணைக் கேட்கிறது. ஃபோக்ஸ்வேகனுக்கு ஓர் எண், பென்ஸுக்கு 229 என்று தொடங்கும் எண், பி.எம்.டபிள்யூ.வுக்கு எல்.எல். என்ற குறியீடு. டப்பாவின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? ஸ்கோடா லாரா 1.9 டீசல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி டீசல் பம்ப். அதைக் கேம்ஷாஃப்ட்டே அழுத்தி இயக்கும். எழும் அழுத்தம் 2,000 பாருக்கு மேல். உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றைப்போல் ஆயிரம் மடங்கு. அவ்வளவு பாரத்தில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே நிற்க ஒரு மெல்லிய ஆயில் படலம்தான் இருக்கிறது. அதற்கென்று 505.01 என்று எண் குறித்திருக்கிறார்கள். வேறு ஆயிலை ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. கேம்ஷாஃப்ட்டின் மேடு மெல்ல மெல்லத் தேய்ந்து தட்டையாகும். ஒருநாள் வண்டி இழுக்காது. அப்போது டீசலைக் குறை சொல்வோம், மெக்கானிக்கைக் குறை சொல்வோம். என்றோ ஊற்றிய ஆயில் யாருக்கும் நினைவில் இருக்காது.

கம்பெனி சொன்னதைத்தான் செய்ய வேண்டும் என்கிறீர்களே, கம்பெனியே தவறாகச் சொன்னால்? நியாயமான மறுப்பு. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். சில கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார்க் கம்பெனிகள் சொன்னதுண்டு. ஆனால் அதே கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம் 80,000 கிலோமீட்டரிலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. இரண்டில் யார் சொல்வதைக் கேட்பது? பொருளைச் செய்தவர் சொல்வதைக் கேளுங்கள் என்பேன். ஆயுள் என்று கார்க் கம்பெனி சொன்னது முதல் சொந்தக்காரரின் ஆயுள். நீங்கள் மூன்றாம் சொந்தக்காரர். நம் வெயிலும் நெரிசலும் ஜெர்மன் மேசையில் முழுதாகக் கணக்கிடப்படவில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியில், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் நின்று நின்று போகும் போக்குவரத்தில், சிந்தெட்டிக் ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று கண்டு, 2013 நவம்பரில் உலகம் முழுவதும் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மினரல் ஆயிலுக்கு மாற்றினார்கள். இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் தளரவில்லை. தவறு எப்படித் திருத்தப்பட்டது? இன்ன பெட்டிக்கு இன்ன ஆயில் என்று மறுபடி துல்லியமாகச் சொல்லித்தான். ஆகவே அந்தக் கார் வாங்குகிறவர் அந்த வேலை முடிந்ததா என்று சாசி எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிட வேண்டும்.

பெல்ட்டையும் செயினையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வயதுக் கணக்கும் உண்டு. எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பத்து ஆண்டில் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று பெருமைப்பட்டால் பெல்ட்டின் ரப்பர் அதை ஒப்புக்கொள்ளாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பி.எம்.டபிள்யூ.வின் என் 47 டீசல் இஞ்சினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருக்கிறது. அதுவும் இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற இஞ்சினை இறக்க வேண்டிவரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கமிருந்து கலகலவென்ற சத்தம் வந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் காரை வாங்காதீர்கள்.

இனி, எரிந்துகொண்டே இருக்கும் அந்த மஞ்சள் விளக்கு. நவீன கார் என்றால் எலக்ட்ரானிக்ஸ், நமக்குப் புரியாது என்று கைவிரிக்கிறோம். ஜக்கார்டு தறியில் வேலை செய்யும் உங்களுக்கா புரியாது? பார்டரில் அன்னம் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அன்னத்தின் கழுத்து உடைகிறது. என்ன செய்வீர்கள்? தறியைப் பிரித்துப் போடுவீர்களா? ஜக்கார்டுப் பெட்டியை விற்றுவிடுவீர்களா? எந்த அட்டை கிழிந்தது, எந்த ஊசி சிக்கியது, எந்த இழை அறுந்தது என்று ஒன்று ஒன்றாகத் தேடுவீர்கள். காரும் அப்படியே. ஸ்கேனர் போட்டால் பிழையைச் சொல்லும் ஒரு குறியீடு வரும். ஆக்சிஜன் சென்சார் என்று வந்தால் சென்சாரை வாங்கிப் பூட்டுகிறோம், பத்தாயிரம் போகிறது, ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரிகிறது. ஏன்? சென்சார் பொய் சொல்லவில்லை. கலவையில் காற்று அதிகம் என்றுதான் சொன்னது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. செய்தி கொண்டுவந்தவனை அடித்துவிட்டுச் செய்தியை விட்டுவிட்டோம். அன்னத்தின் கழுத்து உடைந்திருப்பதைக் குறியீடு காட்டும்; கிழிந்த அட்டையை மனிதன்தான் தேட வேண்டும். தேடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அருகில், ஓடும்போது 14 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்தாலோ எர்த் வயர் துருப்பிடித்தாலோ, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஐந்தாறு விளக்குகள் ஒரே நாளில் எரியும். 1990-களின் நடுப்பகுதி பென்ஸ்களுக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. எளிதில் மக்கும் பொருளால் செய்த இஞ்சின் வயரிங் உறை இஞ்சின் சூட்டில் உதிர்ந்து, செப்புக் கம்பி வெளியே தெரியும். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வயரை மெல்ல வளைத்துப் பார்த்தாலே போதும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது என்பது அடுத்த அச்சம். கார்க் கம்பெனி பெரும்பாலான உறுப்புகளைத் தானே செய்வதில்லை. பாஷ், சாக்ஸ், மாலே, லெம்ஃபோர்டர், ஹெல்லா என்று தனித்தனி நிறுவனங்கள் செய்கின்றன. பாஷ், முன்பு மைக்கோ என்ற பெயரில், 1951 முதலே நம் நாட்டில் இருக்கிறது. கார்க் கம்பெனியின் முத்திரை குத்திய பெட்டியில் வரும் அதே உறுப்பு, செய்தவரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்கு வரும். அதைக் கண்டுபிடிக்கத் திறவுகோல் எது? உங்கள் ஆர்.சி.யிலும் காரின் உடலிலும் இருக்கும் 17 எழுத்து சாசி எண். 2008 மாடல், வெள்ளைக் கலர் என்று சொல்லிப் பொருள் வாங்கினால் தவறான பொருள்தான் வரும். ஒரே ஆண்டில் இரண்டு வகை பிரேக் பூட்டியிருப்பார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கும். புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் உறுப்பு கிடைக்கும். புதுப்பேட்டையில் கதவுக் கண்ணாடி வாங்கலாம், கைப்பிடி வாங்கலாம், சீட் வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம். பிரேக், பெல்ட், ரப்பர் குழாய், ஸ்டியரிங் மூட்டு, ஏர்பேக் ஆகியவற்றை எந்த விலைக்கும் பழையதாக வாங்கக் கூடாது. பெல்ட் அறுந்துபோனால் வண்டி நிற்கும். பிரேக் போய்விட்டால் வண்டி நிற்காது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்படியானால் மெக்கானிக்? பின்வரிசைத் தம்பிகளே, உங்களைப் பற்றித்தான். ஜெர்மன் காரைத் தொட அங்கீகாரம் பெற்ற பெரிய சர்வீஸ் நிலையத்தால்தான் முடியும் என்பதை நான் ஏற்கவில்லை. இந்த ஓரிக்கையிலேயே அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை இருக்கிறது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பேருந்துகளை மறுநாள் காலை மறுபடி சாலைக்கு அனுப்பும் வேலையைத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. குறை கைத்திறனில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டிய போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்குவது. ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டைத் துடைத்து மறுபடி போடுவது. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் பாதித் தொலைவு கடந்தாயிற்று. சொந்தக்காரர்களுக்கும் ஒரு சொல். பழைய பொருளைத் திருப்பிக் கொடு என்று கேளுங்கள். என்ன மாற்றினோம், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த எண் பொருள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் அங்கே ஏழு முறை நடக்கும் சோதனைக்கு இங்கே ஈடு.

பெட்ரோல் கேள்விக்கு வருகிறேன். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகப் பம்புகளுக்கு வந்தது. ஜெர்மனியில் 2011 முதல் 10 விழுக்காடு எத்தனால் பெட்ரோல் விற்கிறார்கள். அங்குள்ள பழைய கார்களில் பெரும்பாலானவை அதற்கு ஏற்றவை. 20 விழுக்காடு வேறு கணக்கு. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சற்று இறங்கும். எத்தனாலுக்கென்று செய்யாத பழைய ரப்பர் குழாய் ஊறிப்போய் வெடிக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் எத்தனால் இழுக்கும். பயந்து காரை விற்க வேண்டாம். பயமில்லாமல் இருக்கவும் வேண்டாம். இருபது வயதுப் பெட்ரோல் காரின் எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் ரப்பராக ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஓடாமல் நிற்கும் காரில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். பெட்ரோல் கசிந்து சூடான இஞ்சினில் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி ஊரில் ஆயிரம் வதந்தி. டில்லியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடை தமிழ்நாட்டுக்கு வரவில்லை. இங்கே 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. இறக்குமதிக் கார்களுக்கு இதைவிடப் பன்மடங்கு. கட்டணம் கூடியது சுமைதான். ஆனால் பதினைந்தாம் ஆண்டுச் சோதனையை ஏஜெண்டிடம் பணம் கொடுத்து ஒதுக்கித் தள்ளும் சடங்காக நடத்துகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். வந்த ஒரே ஒரு சோதனையையும் வீணாக்கலாமா?

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது. பழைய டீசல் கார் காற்றைக் கெடுக்கிறதே, அதைக் கட்டிக் காப்பது நியாயமா? கரும்புகை கக்கும் வண்டிக்கு நான் வழக்காட வரவில்லை. சரிசெய்ய முடிந்தால் செய்ய வேண்டும். முடியாவிட்டால் நிறுத்த வேண்டும். நெரிசலான ராஜவீதியில் நம் குழந்தைகள்தான் அந்தப் புகையை மூச்சாக இழுக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகப் பராமரித்து, மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓடும் காரை உடைத்துவிட்டு, ஒன்றரை டன் இரும்பும் அலுமினியமும் உருக்கிப் புதியது செய்வதும் காற்றுக்குச் செலவில்லாத வேலை இல்லை. எந்த வயது என்று கேட்பதைவிட எந்த நிலையில் என்று கேட்பதே சரி. ஜெர்மனி அப்படித்தான் கேட்கிறது. முப்பது வயது நிரம்பி, மூல வடிவில் நல்ல நிலையில் இருக்கும் காருக்கு அங்கே எச் என்ற எழுத்தோடு தனி நம்பர் பலகை கொடுத்து மதிக்கிறார்கள். நம் நாட்டிலும் 2021 முதல் ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. அந்த ஐம்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருக்கும் முப்பத்தைந்து ஆண்டைச் சொந்தக்காரர்தான் கடத்தியாக வேண்டும்.

ஓட்டாமலே வைத்திருக்கிறேன், அதனால் கெடாது என்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்கள் வீட்டு அம்மாவைக் கேளுங்கள். முகூர்த்தப் பட்டைப் பீரோவில் வைத்தால் போதுமா? ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும், சரிகை முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி வைக்க வேண்டும். உறைபோட்டு நிறுத்திய காரிலும் அதே கதை. ஆயில் சீல் காய்ந்து சுருங்கும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகும். பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை வாசலில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதால் நன்மை இல்லை. இஞ்சின் சூடேறாமல் ஈரம்தான் உள்ளே தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முள் நடுவுக்கு வந்து நிற்கும் வரை, வாலாஜாபாத் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள்.

நாளைக் காலை, இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே, பானட்டைத் திறந்து அந்த வெள்ளைப் புட்டியில் என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள். ஆயில் குச்சியை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். டயர் நான்கிலும் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இப்போது கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுந்து வாருங்கள். ஆர்.சி. கையில் இருப்பவர்கள் அந்தப் பதினேழு எழுத்தையும் சொல்லியே கேளுங்கள்.